மதிலுக்கு வெளியே நின்ற நெல்

அரசு ஓரிடத்தில் நிலத்தைத் திரட்டி, மனைகளாகப் பிரித்து, சாலை, மின்சாரம், தண்ணீர், வடிகால் ஆகியவற்றை முன்கூட்டியே அமைத்து, பல இடங்களில் தொழிற்கூடங்களையும் தானே கட்டி, சிறு முதலுடன் தொழில் தொடங்க வருவோருக்கு வாடகைக்கோ தவணைக்கோ ஒப்படைக்கும் ஏற்பாடே தொழிற்பேட்டை. நிலம் வாங்கி, கட்டடம் எழுப்பி, மின் இணைப்புக்கு அலைந்து முடிப்பதற்குள் கைமுதல் கரைந்துபோகும் சிறு முனைவோரின் தொடக்கச் சுமையை அரசு ஏற்றுக்கொள்வதுதான் இதன் அடிப்படை. தமிழ்நாட்டில் தொழிற்பேட்டை என்றதும் கிண்டியும் அம்பத்தூரும் நினைவுக்கு வரும். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் நாகப்பட்டினத்திலும் தொழிற்பேட்டைகள் உண்டு. ஆனால் காவிரிப் படுகையின் பொருளாதாரத்தைப் பற்றிப் பேசுவோர் நெல் விலையையும் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தையும் பேசுவார்களே தவிர, அந்தப் பேட்டைகளைப் பேசுவதில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அரசு செலவிட்டும் இந்த ஏற்பாடு இம்மண்ணில் ஏன் வேர் பிடிக்கவில்லை என்ற கேள்விக்கு விடை, பேட்டைகளின் வரலாற்றிலும் படுகையின் வரலாற்றிலும் பாதிப் பாதியாகக் கிடக்கிறது.

உலகின் முதல் திட்டமிட்ட தொழிற்பேட்டையாகக் கருதப்படும் மான்செஸ்டரின் டிராஃபோர்டு பார்க் 1896இல் தனியார் முதலில் உருவானது. நலிந்த வட்டாரம் ஒன்றைத் தூக்கி நிறுத்துவதற்காக அரசே பேட்டை அமைக்கும் வழக்கம் அதற்கு நாற்பது ஆண்டுகள் கழித்து, பெருமந்தக் காலத்து பிரிட்டனில் தோன்றியது. நிலக்கரிச் சுரங்கங்களும் கப்பல் கட்டும் தளங்களும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு, சில ஊர்களில் உழைக்கும் ஆண்களில் பாதிக்கு மேற்பட்டோர் வேலையின்றி நின்ற நிலையில், 1934இல் சிறப்புப் பகுதிகள் சட்டம் இயற்றப்பட்டது. அதையொட்டி வடகிழக்கு இங்கிலாந்தில் கேட்ஸ்ஹெட் அருகே டீம் வேலி, தெற்கு வேல்ஸில் டிரெஃபாரஸ்ட், ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ அருகே ஹில்லிங்டன் ஆகிய பேட்டைகள் அடுத்த சில ஆண்டுகளில் எழுந்தன. அங்கே வாடகைக்கு வந்தவை பெரும்பாலும் இலகுவான நுகர்பொருள் தொழில்கள். அவை பெண்களையும் இளையோரையும் கூடுதலாக வேலைக்கு எடுத்தன. சுரங்கத்தில் முதுகு வளைந்த மூத்த தொழிலாளிக்கு அங்கே இடம் குறைவாகவே கிடைத்தது. ஒரு வட்டாரத்திற்குப் பேட்டை வருவதும், அந்த வட்டாரத்தில் வேலை இழந்தவருக்கே வேலை கிடைப்பதும் இருவேறு செய்திகள் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. காவிரிப் படுகையின் வரலாற்றைப் பார்க்கும்போது இதை மறக்கலாகாது.

விடுதலைக்குப் பின் இந்தியா இவ்வடிவத்தை எடுத்துக்கொண்டபோது நோக்கம் சற்று மாறியது. நலிந்த பகுதியை மீட்பதைவிட, புதிய சிறு தொழில் முனைவோரை உருவாக்குவதே முதன்மை ஆயிற்று. ஃபோர்டு அறக்கட்டளையின் வல்லுநர் குழு சிறு தொழில்களைப் பற்றி அளித்த அறிக்கையும், அதையொட்டி அமைந்த சிறுதொழில் வாரியத்தின் பரிந்துரையும் வழிகாட்ட, நாட்டின் முதல் தொழிற்பேட்டை 1955இல் அன்றைய சௌராஷ்டிரத்தின் ராஜ்கோட்டில் தொடங்கியது. சென்னை மாநிலத்தில் காமராசர் முதலமைச்சராகவும் ஆர். வெங்கடராமன் தொழில் அமைச்சராகவும் இருந்த ஆண்டுகளில், 1958இல், கிண்டித் தொழிற்பேட்டை உருவானது. அடுத்த பத்தாண்டில் அம்பத்தூர் வந்தது. இவை வென்றதற்குக் கூடங்களின் தரம் மட்டும் காரணமன்று. பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை, எண்ணூரில் அசோக் லேலண்ட், நகரின் நடுவே சிம்சன் குழுமம், ஏற்றுமதிக்குத் துறைமுகம், பயிற்சி பெற்ற ஆள்களுக்குக் கிண்டிப் பொறியியல் கல்லூரி என்று ஒரு சுற்றுச்சூழல் முன்பே இருந்தது. பெரிய ஆலைக்குத் தேவையான உதிரிப் பாகத்தைச் செய்து கொடுக்கும் சிறு கூடத்தைத் துணைத் தொழில் என்பர். ஆர்டர் கொடுக்கும் தாய் ஆலை அருகில் இருந்ததால்தான் கிண்டியிலும் அம்பத்தூரிலும் துணைத் தொழில்கள் தழைத்தன. பின்னர் மாவட்டந்தோறும் பேட்டைகள் பரவியபோது மனையும் கூடமும் மின்கம்பமும் பரவின. தாய் ஆலை பரவவில்லை.

அன்றைய தஞ்சை மாவட்டத்தை நலிந்த பகுதி என்று சொல்லியிருந்தால் எவரும் ஏற்றிருக்க மாட்டார்கள். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டு, கல்லணைக் கால்வாய் வழியாகப் பட்டுக்கோட்டை, ஒரத்தநாட்டு மேட்டு நிலங்களுக்கும் நீர் பாய்ந்தபின், மாநிலத்தின் நெற்களஞ்சியம் என்ற பெயர் அதற்கு உறுதிப்பட்டிருந்தது. ஆனால் தொழில் துறையில் சரிவு முன்பே தொடங்கிவிட்டது என்பதற்கு நாகப்பட்டினமே சான்று. தென்னிந்தியாவின் தொடக்ககால ரயில் பாதைகளில் ஒன்று அந்தத் துறைமுகத்திலிருந்துதான் புறப்பட்டது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே 1861இல் தஞ்சாவூர் வரையிலும் 1862இல் திருச்சிராப்பள்ளி வரையிலும் பாதையைத் திறந்தது. ரயில்வே பணிமனையும் நாகையில்தான் இயங்கியது. 1920களின் இறுதியில் அப்பணிமனை திருச்சியை அடுத்த பொன்மலைக்கு மாற்றப்பட்டது. பணிமனைகளை ஒருங்கிணைத்து ஆள்குறைப்புச் செய்ததை எதிர்த்து 1928இல் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தமும், அதில் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சிறை சென்றதும் தமிழகத் தொழிலாளர் இயக்க வரலாற்றில் பதிவானவை. கடைசல் எந்திரத்தையும் கொல்லுலையையும் அறிந்த கைகள் கிழக்கிலிருந்து மேற்கே போயின. இந்தியத் தொழில்மயத்தின் முதல் அலையிலேயே இயந்திரத் தொழிலைப் பெற்றிருந்த படுகை, அடுத்த அலை வருவதற்குள் அதை இழந்துவிட்டது.

அதன்பின் வந்த திட்டங்கள் எல்லாம் படுகையை நெல்லோடு இன்னும் இறுகப் பிணைத்தன. 1960இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம், அதாவது விதை, உரம், கடன், ஆலோசனை ஆகியவற்றை ஒரே மூட்டையாக உழவருக்குத் தரும் திட்டம், நாட்டிலேயே முதலில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1960களின் நடுவில் வெளியிட்ட ஏடிடி-27 ரகம் குறுவைச் சாகுபடியைப் பெருக்கியது. அதே காலத்தில் மத்திய அரசின் பெருந்தொழில் முதலீடு திருச்சிக்குப் போனது. பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை 1965இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதைச் சுற்றித் துவாக்குடி வரை நூற்றுக்கணக்கான இரும்புக் கட்டமைப்புக் கூடங்கள் எழுந்தன. தஞ்சாவூரிலிருந்து துவாக்குடி ஏறத்தாழ ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். ஐடிஐ முடித்த தஞ்சை இளைஞனுக்கு வேலை கொடுத்த தொழிற்பேட்டை அதுவே. அது படுகைக்கு வெளியே, வேறொரு மாவட்டத்தில் இருந்தது. அந்தக் கொதிகலன் ஆலையின் ஆர்டர்கள் மெலிந்த ஆண்டுகளில் துவாக்குடிக் கூடங்கள் பட்ட துன்பம், தாய் ஆலையை நம்பிய பேட்டைக்கு உள்ள இடரையும் காட்டியது.

1968இல் அமைக்கப்பட்ட பாண்டே, வாஞ்சூ குழுக்கள் தொழிலில் பின்தங்கிய பகுதிகளை அடையாளம் காணும் அளவுகோல்களையும் அவற்றுக்கு வழங்க வேண்டிய ஊக்கங்களையும் வகுத்தன. அதைத் தொடர்ந்து சலுகை வட்டியில் கடன் பெறத் தகுதியுள்ள தமிழ்நாட்டு மாவட்டங்களின் பட்டியலில், நெற்களஞ்சியமான தஞ்சாவூரும் இடம்பெற்றது. 1965இல் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ, 1970இல் சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோ, 1971இல் பெரிய வளாகங்களை அமைக்கும் சிப்காட் என்று மாநில அரசு நிறுவனங்கள் வரிசையாகத் தோன்றின. சிப்காட்டின் முதல் வளாகம் ராணிப்பேட்டையில் அமைந்தது. ஓசூர் அதன் பெருவெற்றி ஆயிற்று. வறண்ட, விலை குறைந்த, பரந்த நிலமும் பெருநகரத்திற்குச் செல்லும் நெடுஞ்சாலையும் சேர்ந்த இடங்களையே பெரிய வளாகங்கள் நாடின. காவிரிப் படுகைக்குப் பெரும்பாலும் கிடைத்தவை சிட்கோவின் சிறிய பேட்டைகள்.

அவை எங்கே அமைந்தன என்பதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். தஞ்சாவூர் நகரம் படுகையின் நடுவில் இல்லை. அதன் விளிம்பில் நிற்கிறது. நகருக்கு வடக்கிலும் கிழக்கிலும் வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று ஆறுகள் பிரிந்து வண்டல் வயல்களாக விரிய, தெற்கிலும் தென்மேற்கிலும் வல்லம், செங்கிப்பட்டி வழியாகச் செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டுநிலம் எழுகிறது. தஞ்சாவூரின் தொழிற்பேட்டை நாஞ்சிக்கோட்டைச் சாலையிலும், அடுத்தது பிள்ளையார்பட்டியிலும் அமைந்தன. இரண்டுமே அந்த மேட்டுப்பக்கம்தான். தமிழ்ப் பல்கலைக்கழகமும் வல்லத்துச் சுற்றுவட்டாரக் கல்வி நிறுவனங்களும், குருங்குளத்திலுள்ள அரசின் அறிஞர் அண்ணா சர்க்கரை ஆலையும் அதே மேட்டில் நிற்பது தற்செயல் அன்று. வண்டல் களிமண் மழையில் உப்பிக் கோடையில் பிளப்பதால் கனரக இயந்திரத்திற்கு அடித்தளம் போடச் செலவு கூடும்; வடிகால் சரிவு மிகக் குறைவு; ஐப்பசி மழையில் நீர் தேங்கும்; கடைமடையில் நிலத்தடி நீர் உவர்க்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக, இரண்டு போகம் விளையும் நஞ்சையைக் கையகப்படுத்துவதை எந்த அரசும் விரும்பவில்லை. சிறு துண்டுகளாகச் சிதறியும், கோயில்களுக்கும் ஆதீனங்களுக்கும் உரியதாகக் குத்தகையில் இருந்தும் வந்த நிலத்தைத் திரட்டுவது எளிதாகவும் இல்லை. நஞ்சையைக் காத்தது சரியான முடிவு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் விளைவாக, படுகைக்கென வந்த தொழில் முதல் படுகையின் மேற்கு விளிம்பில் தங்கியது. நிலமற்ற உழைப்பாளர் மிகுதியாக வாழும் கிழக்கு வட்டங்களான திருத்துறைப்பூண்டி, கீழ்வேளூர், வேதாரண்யம் போன்றவை தொழிற்பேட்டைக்கு எட்டாத தொலைவிலேயே இருந்தன.

1978இல் மாவட்டத் தொழில் மையங்கள் தொடங்கியபின் பதிவு, கடன் பரிந்துரை, மானியம் ஆகியவை ஒரே அலுவலகத்தில் கிடைத்தன. ஆனாலும் சிறு நகரப் பேட்டைகளுக்கே உரிய நோய்கள் தமிழ்நாடு எங்கும் உண்டு. படுகையும் அதற்கு விலக்கன்று. மனையை ஒதுக்கீடு பெற்றவர் தொழில் தொடங்காமல் விலையேற்றத்திற்காகப் பூட்டி வைப்பது, தொழிற்கூடம் நாளடைவில் உரக் கிடங்காகவும் சிமெண்டுக் கிடங்காகவும் மாறுவது, முழுத் தொகை செலுத்தியும் பட்டா கிடைக்காததால் அந்த மனையை அடமானம் வைத்து வங்கிக் கடன் பெற முடியாமல் தவிப்பது ஆகியவை அவற்றுள் சில. தொடங்கிய தொழில்களும் உள்ளூர்த் தேவையை நம்பியவை: இரும்புக் கதவு, பிளாஸ்டிக் குழாய், அச்சகம், கால்நடைத் தீவனம், வாகனப் பழுது. இந்த உள்ளூர்த் தேவை முழுவதும் அறுவடைப் பணத்தைச் சார்ந்தது. தண்ணீர் வராத ஆண்டில் வயலோடு சேர்ந்து தொழிற்கூடமும் காய்ந்தது. வேளாண்மைக்கு மாற்றாக வந்த பேட்டை, வேளாண்மையின் நிழலிலேயே நின்றது.

இதைவிட வருத்தமான செய்தி, படுகையின் தலையாய மூலப்பொருளுக்கும் பேட்டைக்கும் இடையே உறவே ஏற்படாமற் போனதுதான். நெல் அரிசியாவதை ஒரு தொழிலாகக் கருதிப் பார்த்தால் இந்த இழப்பின் அளவு விளங்கும். நூறு கிலோ நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 65 முதல் 68 கிலோ அரிசியும், 20 கிலோ அளவில் உமியும், சில கிலோ தவிடும் கிடைக்கும். பழைய ஹல்லர் மில்லில் உமியும் தவிடும் கலந்தே வெளிவரும். அது மாட்டுத் தீவனத்துக்கு மட்டுமே உதவும். ரப்பர் உருளை பொருத்திய நவீன ஆலை உமியை முதலில் தனியே உரித்து, பிறகு அரிசியைத் தீட்டுவதால் தூய தவிடு தனியாகக் கிடைக்கும். அந்தத் தவிட்டில் எண்ணெய் உண்டு. ஆனால் அரிசியிலிருந்து பிரிந்த கணத்திலிருந்தே அதிலுள்ள நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடும். சில மணி நேரத்திற்குள் சூடுபடுத்தி நிலைப்படுத்தவோ, ஓரிரு நாளுக்குள் எண்ணெய் எடுக்கவோ செய்யாவிட்டால் அது சமையலுக்கு ஆகாது, சோப்புக்குத்தான் போகும். ஆகவே அரிசி ஆலையும், தவிட்டை நிலைப்படுத்தும் கருவியும், எண்ணெய் ஆலையும், உமியை எரித்து நீராவியும் மின்சாரமும் எடுக்கும் கொதிகலனும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். ஒன்றின் கழிவு மற்றொன்றின் சரக்காகும் இந்த அமைப்பைவிடத் தொழிற்பேட்டை என்ற வடிவத்துக்குப் பொருத்தமான தொழில் வேறு இருக்க முடியாது. தாய் ஆலை இல்லை என்று ஏங்கிய படுகையில், பல்லாயிரம் ஏக்கர் வயலே தாய் ஆலையாக இருந்தது.

இதை எவரும் உணரவில்லை என்று சொல்வதற்கில்லை. ஏடிடி-27 குறுவை அறுவடைக்கு வரும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அந்த ரகத்துக்கு விதையுறக்கம் இல்லாததால் ஈர நெல் களத்திலேயே முளைவிட்டது. விளைச்சல் பெருகியும் உழவர் நட்டப்பட்ட அந்த நெருக்கடியைத் தீர்ப்பதற்காக 1967இல் திருவாரூரில், கூட்டுறவு விற்பனை இணையத்தின் நவீன அரிசி ஆலையோடு சேர்த்து, நெல் பதனிடும் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. ஈர நெல்லை உலர்த்துவதிலும், நாற்றமின்றிப் புழுங்க வைப்பதிலும், தவிட்டைக் காப்பதிலும் அம்மையம் பல முறைகளை உருவாக்கியது. பின்னர் தஞ்சாவூருக்கு இடம்பெயர்ந்து, பெயரும் பரப்பும் விரிந்து, இந்திய உணவுப் பதனத் தொழில்நுட்பக் கழகமாகி, 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிஃப்டெம் என்னும் பெயரில் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக உயர்ந்திருக்கிறது. படுகையின் சேற்றிலிருந்து பிறந்த அறிவு நிறுவனம் அது. நாட்டின் பிற மாநிலங்களுக்கும் அது தொழில்நுட்பம் வழங்குகிறது. அதே ஊரிலுள்ள தொழிற்பேட்டையோடு அதைப் பிணைத்து, நெல்லுக்கென்று ஒரு பேட்டையை வளர்க்கும் திட்டம் மட்டும் அரை நூற்றாண்டாக உருப்பெறவில்லை.

இதன் விளைவை எந்தக் கொள்முதல் பருவத்திலும் நேரில் காணலாம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் உழவர் கொட்டி வைத்த நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் எடுக்கக் கூடாது என்பது மத்திய அரசின் விதி. மழைக்கால அறுவடையில் அதற்குக் கீழே வருவது அரிது என்பதால், தளர்வு கேட்டு மாநில அரசு எழுதுவதும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போவதும், அதுவரை உழவர் தார்ப்பாயைப் போர்த்தி நெல்லைக் கிளறிக் கிளறிக் காயவைப்பதும் ஆண்டுதோறும் நடக்கின்றன. நெல் எடுக்கப்பட்டபின் நுகர்பொருள் வாணிபக் கழகம் அதை 40 கிலோ மூட்டைகளாகத் திறந்தவெளிக் கிடங்குக்கும் அங்கிருந்து தஞ்சாவூர், நீடாமங்கலம் போன்ற ரயில் நிலையங்களுக்கும் லாரியில் அனுப்புகிறது. மூட்டைகள் சரக்கு ரயிலில் ஏறி, அரவைக்காக வெளி மாவட்டங்களுக்குப் போகின்றன. கழகத்துக்குச் சித்தர்காடு, சுந்தரக்கோட்டை போன்ற இடங்களில் சொந்த நவீன அரிசி ஆலைகள் இருந்தாலும், விளைச்சலின் பெரும்பகுதியை அவற்றால் அரைக்க முடிவதில்லை. அரவைக் கூலி, தவிடு, உமி, ஆலை வேலை ஆகிய அனைத்தும் நெல்லோடு சேர்ந்து ரயிலேறிவிடுகின்றன. பொது விநியோகத்துக்கான அரிசியாக ஒரு பகுதி மட்டும் திரும்பி வருகிறது. தன் ஒரே பெரிய விளைபொருளை உமி நீக்கக்கூட வெளியூருக்கு அனுப்பும் வட்டாரம், எத்தனை கூடம் கட்டிக் கொடுத்தாலும் தொழில் வட்டாரமாகிவிடாது.

கைத்தொழில்களின் நிலையும் ஏறக்குறைய இதுவே. சுவாமிமலையின் வார்ப்புச் சிலைகளுக்கும் நாச்சியார்கோயில் குத்துவிளக்குகளுக்கும் திருபுவனம் பட்டுக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மெழுகு உருவின் மேல் முதற்பூச்சாகப் பூசும் வண்டல் மண் காவிரிக் கரையில் கிடைப்பதால்தான் சிலை வார்ப்போர் சுவாமிமலையில் நிலைத்தார்கள். இப்படி மண்ணோடு ஒட்டிய தொழிலைப் பேட்டைக்குள் பெயர்த்து வைக்க முடியாது. அதற்கு வேண்டியது, பலர் சேர்ந்து பயன்படுத்தும் உலை, மெருகுக்கருவி, ஆய்வுக்கூடம் ஆகியவற்றைத் தொழில் நடக்கும் தெருவுக்கே கொண்டுவரும் பொதுவசதி மையம். இந்தக் குழும அணுகுமுறை அண்மைக் காலத்தில்தான் வலுப்பெற்றது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதித் தென்னை சார்ந்த கயிற்றுத் தொழிலுக்கு அது ஓரளவு உதவியது; 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்தபோது அத்தொழிலும் சேர்ந்து விழுந்தது.

படுகையின் நலிவு எவர் கண்ணுக்கும் தெரியும்படி ஆனது தண்ணீரால்தான். காவிரி நீர்ப் பங்கீட்டுக்கான 1924ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் ஐம்பதாண்டுக் காலம் 1974இல் முடிந்தபின் தொடங்கிய இழுபறி, 1990இல் காவிரி நடுவர் மன்றம் அமைந்தும், 1991இல் இடைக்காலத் தீர்ப்பும் 2007இல் இறுதித் தீர்ப்பும் வந்தும் ஓயவில்லை. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு மாநில எல்லையில் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி என்று வரையறுத்தது. சூன் 12இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை 2012இலும் 2016இலும் செப்டம்பரில்தான் திறந்தது. 2017இல் அக்டோபர் வரை காத்திருக்க நேர்ந்தது. குறுவை பொய்த்த ஆண்டுகளில் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் ஆள் போனார்கள். கதிர் அறுக்கும் இயந்திரம் வந்தபின், நீர் வந்த ஆண்டுகளிலும் அறுவடைக் கூலி குறைந்தது. 2001க்கும் 2011க்கும் இடையே தமிழ்நாட்டின் மக்கள்தொகை 15.6 விழுக்காடு வளர, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் ஆகிய மூன்று மாவட்டங்களும் தலா 8 முதல் 9 விழுக்காடே வளர்ந்தன. பிறப்பு விகிதக் குறைவும் இதில் உண்டு. வெளியேறியோரின் பங்கும் உண்டு.

இந்த வெற்றிடத்தை நோக்கி வந்த பெருந்தொழில் பூமிக்கு அடியிலிருந்தது. காவிரிப் படுகையில் எண்ணெயும் எரிவாயுவும் கிடைத்தபின் நரிமணத்தில் 1993இல் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. 2010இல் மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க ஒப்பந்தம் கையெழுத்தானது. உழவர் எதிர்ப்பு ஊர் ஊராகப் பரவ, அதற்காகப் பரப்புரை செய்துகொண்டிருந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் 2013 டிசம்பரில் காலமானார். மாநில அரசு திட்டத்தை நிறுத்தியது. கடலூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் 45 ஊர்களைச் சேர்த்துப் பெட்ரோலிய வேதிப்பொருள் முதலீட்டு மண்டலம் அமைக்க 2017இல் அறிவிக்கை வந்தது. 2020 பிப்ரவரியில் அது திரும்பப் பெறப்பட்டது. அதே மாதம் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களிலும் துத்தநாகம், தாமிரம், அலுமினியம் உருக்காலைகள், இரும்பு ஆலைகள், தோல் பதனிடும் ஆலைகள், கப்பல் உடைக்கும் தொழில், எண்ணெய், எரிவாயு ஆய்வும் எடுப்பும் ஆகியவற்றைப் புதிதாகத் தொடங்க அச்சட்டம் தடை விதிக்கிறது. முன்பே நடந்துவந்தவற்றை அது தொடவில்லை. அந்தக் குறையை உழவர் அமைப்புகள் தொடர்ந்து சுட்டிக்காட்டி வருகின்றன.

இச்சட்டம் படுகையின் தொழில் கொள்கையில் ஒரு திருப்பம். தொழிலில் பின்தங்கிய பகுதி என்றால் எந்தத் தொழில் வந்தாலும் நன்மை என்று பாண்டே, வாஞ்சூ காலம் முதல் நிலவிய எண்ணத்தை அது கைவிடுகிறது. நிலத்தையும் நீரையும் கெடுக்கும் தொழிலுக்கு இங்கே இடமில்லை என்று வரம்பு கட்டுகிறது. வரக்கூடாதவற்றின் பட்டியல் தெளிவாக இருக்கிறது. வரவேண்டியவற்றுக்கு அரசு இப்போதுதான் அடி எடுத்து வைக்கிறது: திருச்சிக்கும் நாகப்பட்டினத்திற்கும் இடையே வேளாண் தொழில் பெருந்தடம் என்ற அறிவிப்பு, படுகைக்கு வெளியே மணப்பாறையில் 2022 இறுதியில் திறக்கப்பட்ட சிப்காட் உணவுப் பூங்கா, தஞ்சாவூரில் 2024இல் திறக்கப்பட்ட சிறிய டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்கா ஆகியவை அவ்வகையின. டைடல் பூங்கா பட்டதாரிகளுக்கு உதவும். மணப்பாறைக்கு மன்னார்குடி நெல்லைக் கொண்டுபோவது பழைய சரக்கு ரயிலின் வேறொரு வடிவமாகவே முடியும்.

படுகைக்குள்ளேயே செய்யத்தக்கவை சிறியவை, ஆனால் திட்டவட்டமானவை. குறுவைக் கொள்முதலுக்கு முன்பாக வட்டந்தோறும் உமியால் இயங்கும் உலர்த்திகள் நிறுவப்பட்டால், ஈரப்பதத் தளர்வுக்கு டெல்லியை எதிர்பார்க்கும் நிலை மாறும். உலர்த்திக்குப் பக்கத்திலேயே அரவையும், அரவைக்குப் பக்கத்திலேயே தவிடு நிலைப்படுத்தலும் அமைக்க, கிழக்கு வட்டங்களில் நஞ்சையைத் தொடாமல், கைவிடப்பட்ட ஆலை வளாகங்களிலும் பழைய கிடங்கு நிலங்களிலும் இடம் கிடைக்கும். நவீன அரவை ஆலை தானாக அதிகம் பேரை வேலைக்கு எடுப்பதில்லை; அவல், பொரி, மாவு, உடனடிச் சிற்றுண்டி, பொதியிடல் போன்ற அடுத்த நிலைத் தொழில்களில்தான் வேலை இருக்கிறது, அதுவும் வயல் வேலையை இழந்த பெண்களுக்கு. அவற்றை நடத்தும் மகளிர் குழுக்களுக்கு நிஃப்டெம் பயிற்சி தருகிறது. பயிற்சி முடித்தவர் திரும்பிப் போகும் ஊரில் உரிமம் பெறத்தக்க சுகாதாரமான ஒரு கூடம், மூன்று முனை மின்சாரம், அடமானம் கேட்காத கடன் ஆகிய மூன்றும் இல்லாததால் அந்தப் பயிற்சி சான்றிதழோடு நின்றுவிடுகிறது. நூறு ஏக்கர் வளாகம் ஒன்றைத் தஞ்சாவூர் மேட்டில் அமைப்பதற்கு ஆகும் செலவில், திருத்துறைப்பூண்டியிலும் முத்துப்பேட்டையிலும் வேதாரண்யத்திலும் பத்துப் பத்துக் கூடங்கள் கொண்ட சிறு பேட்டைகளைக் கொள்முதல் நிலையங்களின் அருகே கட்டலாம்.